உப்புத் தண்ணீரின் சூடு

சின்னவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உயிருள்ள எதன் மேலும் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற அவளுக்கு மனசு வராது. பிள்ளையைக் குளிப்பாட்டும் முன் வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்ப்பது எல்லா அம்மாக்களும் செய்வதுதான். இவளோ தொட்டிச் செடிக்கு ஊற்றும் முன்பும் விரலை விட்டுப் பார்ப்பாள். "என் சின்ன மருமக செடிக்கும் வெந்நீர் வெச்சுக் குடுப்பா" என்று மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வழக்கம் ஒரு நாள் வீட்டில் ஒருத்தியின் குடியைக் கெடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்.

அந்த மாமியாருக்கு இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மூத்தவனின் மனைவி பெரியவள், இளையவனின் மனைவி சின்னவள். வீட்டில் அவர்களுக்கு வேறு பெயர் கிடையாது. கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம், அடுப்பு மட்டும் பொது. போதாக்குறைக்கு ஓரகத்திகள் இருவரும் ஒரே இடத்தில் வேலையும் பார்த்தார்கள். "வீட்டுலயும் ஒண்ணா, வேலையிலயும் ஒண்ணா? ரெண்டு பேர் தலையிலயும் முடி மிஞ்சுமா?" என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். கவலையா ஆசையா என்று சொல்ல முடியாது. முடி மிஞ்சியதில் பலருக்கு ஏமாற்றம்தான்.

சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள். கல்யாணத்துக்கு முன்னால் சின்னவள் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். பிள்ளை பிறந்ததும் வீட்டோடு முடங்கிக் கிடந்தவளை, "பூனைக்குட்டிக்கு நரம்பு பிடிச்சு ஊசி போட்ட கைடி இது. சும்மா கிடந்து துருப்பிடிக்கணுமா? என்கூட வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். பெரியவளும் பாதியில் விட்டவள்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தன்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிற பையன்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து, விட்ட ஆராய்ச்சிப் படிப்பைத் தூசி தட்டி எடுத்தவள். "இந்த வயசுல டாக்டர் பட்டம் வாங்கி யாருக்கு ஊசி போடப் போற?" என்று கட்டினவனே கேலி செய்தான். "உங்களுக்குத்தான், வாயில" என்று சொல்லிவிட்டுப் படித்தாள்.

ஆய்வுக்கூடம் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வெந்த துணியின் வாடை வரும். மூடினால் எலி வாடை. எந்த வாடை வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் தினமும் ஒரு சின்னச் சண்டை.

அங்கே அவர்கள் அளந்தது ஒரு வாயுவை. நைட்ரிக் ஆக்சைடு. பெயரைக் கேட்டதும் "அட, சிரிப்பு வாயுவா?" என்று கேட்காத ஆளே இல்லை. அது வேறு, இது வேறு என்று விளக்கி விளக்கிப் பெரியவளுக்கு வாய் வலித்துப்போனது. இது மூளை தானே தயாரித்துக்கொள்ளும் வாயு. அளவாக இருந்தால் ரத்தக் குழாயைத் தளர்த்தும், ஒரு செல்லின் சேதியை அடுத்ததற்குக் கொண்டுபோகும். பக்கவாதம் வந்து ரத்தம் அடைபட்டால் கண்டபடி சுரந்து, காக்க வேண்டிய செல்களையே கொன்றுபோடும். பிறந்த சில நொடிகளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தும்விடும். ஆகவே எடுத்துக் குப்பியில் அடைத்து, டீ குடித்துவிட்டு வந்து நிதானமாக அளக்கிற கதை இங்கே நடக்காது. உயிரோடு இருக்கிற மூளைக்குள், அது உண்டாகிற இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கிற வேலை சின்னவளுடையது. எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்து ரத்தக் குழாய் ஒன்றை நூலால் இறுக்கி, மண்டையோட்டில் பொட்டளவுக்கு ஒரு ஜன்னல் திறந்து, தலைமுடியை விட மெல்லிய கார்பன் நார்க் கம்பி ஒன்றை மூளையின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே இறக்குவாள். வாயு கம்பியின் நுனியில் படும்போது துளி மின்சாரம் ஓடும். கணினித் திரையில் அது ஒரு கோடாக நகரும். வாயு கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். வெளி மின்சாரம் குறுக்கே வராதபடி எலியைச் சுற்றி ஒரு செம்புவலைக் கூண்டு. கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பெரியவள். ஒருத்தி எலியை மட்டும் பார்ப்பாள், மற்றவள் கோட்டை மட்டும் பார்ப்பாள்.

"ஊத்தவா அக்கா?"

"ஊத்துடி."

இந்த இரண்டு வார்த்தையில்தான் அவர்களுடைய வேலை முழுக்க நடந்தது. முதலில் அந்த ஜன்னல் வழியாக மூளையின் மேல் உப்புத் தண்ணீரைச் சொட்ட விடுவார்கள். கோடு அசையக் கூடாது. ஊற்றுகிற செய்கையால் ஒன்றும் ஆவதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு மருந்து. வேறொரு நோய்க்கு ஏற்கெனவே மனிதர்களுக்குக் கொடுத்து வரும் மருந்துதான். பக்கவாதத்தின்போது பெருகும் இந்த வாயுவை அது அடக்கும் என்பது பெரியவளின் கட்சி. மருந்து விழுந்த மாத்திரத்தில் கோடு படியிறங்கும். எல்லா எலியிலும் இறங்கியது. நிறுத்திவிட்டு உப்புத் தண்ணீரால் கழுவினால் பழையபடி ஏறியது. கோடு முதன்முதலில் இறங்கிய அன்று பெரியவள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வந்து சின்னவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இதில் சின்னவளின் வழக்கம் எங்கே வந்தது என்றால், உப்புத் தண்ணீர் சிரிஞ்சை அவள் எலியின் சூட்டு மெத்தைக்கு அடியில் செருகி வைப்பாள். மயங்கிக் கிடக்கும் எலியின் உடம்பு குளிராமல் இருக்க மின்சாரத்தில் சூடேறும் சின்ன மெத்தை அது. அதன் ஓரத்தில் கிடந்தால் உப்புத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடும். கால்நடை மருத்துவமனையில், குளிர்ந்த திரவம் ஏற்றிய நாய்க்குட்டிகள் வெடவெடவென்று நடுங்கியதைக் கண்ணால் பார்த்தவள். மயக்கத்தில் கிடக்கிற எலிக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே. மருந்தையும் அப்படியே செருகி வைக்கத்தான் ஆசை. கரைத்த மருந்து ஐஸை விட்டு வெளியே கிடந்தால் கெட்டுப்போகும் என்று பெரியவள் கண்டித்துச் சொல்லியிருந்ததால் அதை ஐஸ் டப்பாவிலிருந்து நேராக எடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு" என்று எலியிடம் சொல்லிவிட்டு ஊற்றுவாள். இதை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பெரியவளின் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர், இன்னும் சில எலிகளில் செய்து காட்டும்படி கேட்டிருந்தார். பெரியவள் வெளியூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த நாளில் சின்னவள் தனியாகவே ஒரு எலியைத் தயார் செய்தாள். இரண்டு சிரிஞ்சையும் நிரப்பி முடிக்கும்போது சலவைக்கூடத்து ஆள் மேலங்கிகளோடு கதவைத் தட்டினான். கையிலிருந்த இரண்டையும் ஐஸ் டப்பாவில் வைத்துவிட்டுப் போய்த் துணியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். உப்புத் தண்ணீரை மெத்தைக்கடியில் செருகியாகிவிட்டது என்ற நினைப்பில், மெத்தை ஓரத்தைத் துழாவினாள். அங்கே இல்லை. சரி, உப்புத் தண்ணீர்ச் சுற்றை அப்போதே முடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டப்பாவில் கைக்கு வந்ததை மருந்து என்று எடுத்துச் சொட்ட விட்டாள். கோடு படியிறங்கியது.

"சமத்து" என்று எலியைப் பாராட்டினாள்.

சிரிஞ்சைக் கீழே வைக்கும்போதுதான் அதில் ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள். மருந்துக்குச் சிவப்பு, உப்புத் தண்ணீருக்குப் பச்சை. அவள் கையில் இருந்தது பச்சை.

மருந்துச் சிரிஞ்சை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். குளிர் விட்டு, கையின் சூடு அதில் ஏறும்வரை பிடித்திருந்துவிட்டு ஊற்றினாள். கோடு போட்டது போட்டபடி நேராகப் போனது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று மனசு ஒரு சாக்கு சொன்னது. மறுபடி ஐஸில் வைத்து, மறுபடி ஊற்றினாள். இறங்கியது. ஜில்லென்ற உப்புத் தண்ணீர்: இறங்கியது. வெதுவெதுப்பான மருந்து: அசையவில்லை.

அந்தக் கம்பி வாயுவுக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் அசையும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகத்தானே மெத்தை, அதற்காகத்தானே எலியின் உடம்பில் ஒரு தெர்மாமீட்டர்? எலியின் சூட்டைக் கவனித்தார்கள், அறையின் சூட்டைக் கவனித்தார்கள். சிரிஞ்சின் சூட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. குளிர்ந்த மருந்து பட்டுக் கம்பியின் நுனி குளிர்ந்ததைத்தான் இத்தனை நாளும் வாயு அடங்கிவிட்டதாகக் கொண்டாடியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் குளிர்ந்திருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். உடையவிடாமல் பொத்திப் பொத்தி வைத்தது அவளுடைய இளகிய மனசு.

அவள் அப்படியே உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. பெரியவள்.

"அடியே, சின்னவளே! நம்ம கோட்டைத் திரையில போட்டேன் பாரு, ஹால் முழுக்கக் கப்சிப். நம்ம ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரும் வந்திருந்தாரு. ஆஸ்பத்திரியில பேசி, ஸ்ட்ரோக் கேஸுங்களுக்குக் குடுத்துப் பார்க்கலாம்னு சொல்றாரு. எல்லாரும் யார் செஞ்ச சர்ஜரி, யார் செஞ்ச சர்ஜரின்னு கேட்டாங்க. எங்க வீட்டுச் சின்னவதான்னு சொன்னேன். கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கற?"

"கேக்குது அக்கா."

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஜலதோஷம்."

நேரில் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போனில் சொல்கிற விஷயமா இது? அந்த நினைப்பில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க முடிந்தது.

நேரில் வந்தாள். வந்ததும் வராததுமாக, வாங்கி வந்த இனிப்பைச் சின்னவளின் வாயில் திணித்தாள். வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம். மறுநாள் பெரியவளின் கணவன் முதல் தடவையாகக் கேலியை விட்டுவிட்டு, "என் பொண்டாட்டி டாக்டர் ஆகப் போறா" என்று யாரிடமோ போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிப் போனாள். அக்காவின் படிப்பு போய்விடும் என்று பயந்தாள். அது பாதி உண்மை. ‘உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேனே’ என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் மீதிப் பாதி, பெரிய பாதி.

இதற்குள் தேர்வாளர் கேட்ட எலிகள் பாக்கி இருந்தன. பெரியவள் திரையின் முன் உட்கார்ந்தாள். சின்னவள் கூண்டுக்குள் கையை நீட்டினாள். உப்புத் தண்ணீர்ச் சிரிஞ்சு கையில் இருந்தது. மெத்தைக்கடியில் செருகுவதா, ஐஸில் வைப்பதா? ஐஸில் வைத்தால் இப்போதே, இங்கேயே எல்லாம் வெளியே வந்துவிடும். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு பழக்கப்பட்ட மாதிரியே மெத்தை ஓரத்தைத் தூக்கி, உள்ளே செருகியது.

"ஊத்தவா அக்கா?"

"ஊத்துடி."

கை அதே கை, செய்ததும் அதே வேலை. போன வாரம் வரை அதன் பெயர் இரக்கம். இப்போது பித்தலாட்டம். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எலியிடம் "பொறுத்துக்கோடா கண்ணு" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சோதனை முடிந்ததும் எலியை மயக்கத்திலிருந்து எழுப்புவதில்லை. மயக்க மருந்தைக் கூட்டி அப்படியே முடித்துவிடுவார்கள். அதுவும் சின்னவளின் வேலைதான். முன்பெல்லாம் முடித்துவிட்டு, அதன் முதுகை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, உன்னால் யாரோ ஒருத்தர் எழுந்து நடப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள். இந்த எலிகளைத் தொடவே கூசியது. இவை செத்தது எந்த நோயாளிக்காகவும் இல்லை, அவளுடைய வாயடைப்புக்காக. ஒன்று முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வாளிக்குள் முழங்கையை விட்டவள் விட்டபடியே இருந்தாள். "அம்மா, தண்ணி ஆறிடுச்சு" என்று பிள்ளை அழ ஆரம்பித்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"உனக்கென்ன, பேயறைஞ்ச மாதிரி திரியற?" என்று அவள் கணவன் கேட்டான். "அண்ணிக்குப் பட்டம் வருதுன்னு பொறாமையா?" வேடிக்கையாகத்தான் கேட்டான். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பெரியவள் சமையலறையில் நின்று வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை பார்த்தாள். மாமியார்தான் தேர்வாளர். காய் நறுக்கிக்கொண்டே, கத்தியைத் தூக்கிக் காட்டி, "ம், மேல சொல்லும்மா" என்று மிரட்டுவார். பெரியவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "ஒரே ஒரு கேள்வி. அந்த எலிங்க பொழைக்குமா?" என்றார்.

"இல்ல அத்தை."

"ஐயோ பாவம்." கத்தி கொஞ்ச நேரம் நின்றது. "போகட்டும். அதுங்க போயி நாலு மனுஷங்க எழுந்து நடந்தா சரிதான். என்ன சின்னவளே?"

சின்னவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினாள். இந்த வீட்டில் நான் ஒரு திருடி, என்று நினைத்தாள். திருடிக்கூடக் கழுவின தட்டைக் கழுவ மாட்டாள்.

நரம்பு டாக்டர் ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் வரச் சொன்னார்கள். அன்று காலை சின்னவள் மருத்துவமனை நடைபாதையில் நடந்து வரும்போது, பக்கவாத வார்டின் வாசலில் அவர் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள், ஆணின் செருப்பு. உள்ளே கொண்டுபோன அவசரத்தில் காலிலிருந்து கழன்றதாக இருக்கும். டாக்டர் சின்னவளைப் பார்த்துக் கூடவே நடந்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து வர்ற கேஸுக்கெல்லாம் உங்க மருந்தைக் குடுக்கப் போறோம். பிரஷரை இறக்கிவிடற மருந்து, ஸ்ட்ரோக்ல அது கொஞ்சம் ஆபத்துதான். ஆனா நீங்க காட்டற பலன் இவ்வளவு பெருசா இருக்கும்போது, துணிஞ்சு பார்க்கலாம் இல்லையா?"

அவள் ஏதோ ஒரு பக்கமாகத் தலையை ஆட்டினாள். அந்தச் செருப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் எலியைத் தயார் செய்தாள். கம்பியை இறக்கினாள். இரண்டு சிரிஞ்சையும் நிரப்பி, இரண்டையும் ஐஸில் வைத்தாள். வைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு நீங்க ஊத்துங்களேன். நான் திரையைப் பார்த்துக்கறேன். டாக்டருக்கு உங்க கையால செஞ்சு காட்டுங்க" என்றாள்.

பெரியவளின் முகம் பூரித்துப்போனது. "என் கை நடுங்கும்டி" என்றாள். சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினாள்.

வாயால் சொல்ல வராததைச் சிரிஞ்சு சொல்லட்டும் என்று சின்னவள் கணக்குப் போட்டிருந்தாள். எந்தச் சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் புரியும். அவர் எதிரில் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு, அவர் போன பிறகு என்ன செய்வதென்று அக்காவே முடிவு செய்வாள். இதைத் தைரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. தன் தலைச்சுமையை இறக்கி அக்காவின் தலையில் ஏற்றிவிட்டு, ஏற்றிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பெரியவள் பச்சை நாடா ஒட்டியதை எடுத்தாள். "முதல்ல..." என்று ஆரம்பித்தவள், கையிலிருந்த சிரிஞ்சின் மேலேயே கவனமாகி, பேச்சை முடிக்காமல் சொட்ட விட்டாள்.

கோடு படியிறங்கியது.

"அடடா!" டாக்டர் திரையை நோக்கிக் குனிந்தார். "கருத்தரங்குல பார்த்த மாதிரியே இருக்கே! இதுதானே அந்த மருந்து? பிரமாதம்மா, பிரமாதம்."

பெரியவள் திரையைப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள். சிரிஞ்சைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். டாக்டர் சந்தோஷமாகப் போய்விடுவார், அடுத்த வாரம் தேர்வு, அதற்கப்புறம் பட்டம். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று சின்னவளின் மனசில் ஒரு மூலை ஏங்கியது. அந்த ஏக்கத்தை அவளால் பிறகு ஒருநாளும் தனக்கே மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் பெரியவள். "இது உப்புத் தண்ணி."

"என்னது?"

"ஜில்லுன்னு இருக்கு. கோடு குளிருக்கு இறங்குது, மருந்துக்கு இல்ல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உதடு மட்டும் வெளுத்திருந்தது. "நாங்க காட்டினது எல்லாமே இப்படித்தான் இருக்கும்னு தோணுது. திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் குடுத்துடாதீங்க, தயவுசெஞ்சு."

டாக்டர் திரையை விட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை" என்றார் கடைசியில். யாருக்கு நல்லவேளை என்று சொல்லவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

சின்னவள் இத்தனை வாரமும் சொல்ல முடியாததைப் பெரியவள் நின்ற நிலையில் சொல்லி முடித்திருந்தாள்.

"இதை எப்பவும் எங்கடி வெப்ப?" என்று கேட்டாள் பெரியவள். சின்னவள் எழுந்து வந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"எலிக்குக் குளிரும்னா?"

"ஆமா அக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. "பைத்தியமே. செடிக்கு வெந்நீர் வெக்கிறவதானே நீ. எனக்கில்ல தோணியிருக்கணும்? இத்தனை நாளா என் முதுகுக்குப் பின்னால நடந்திருக்கு, ஒரு தடவை திரும்பிப் பார்த்தேனா?" என்று சின்னவளின் தோளில் கையை வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி இல்லை. கை தானாகக் கீழே இறங்கியது.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்போலேருந்து?"

"நீங்க கருத்தரங்குக்குப் போனப்போ."

பெரியவள் மனசுக்குள் நாட்களைப் புரட்டுவது தெரிந்தது. இனிப்பு. ஒத்திகை. அதற்கு நடுவில் இருந்தவை. "அதுக்கப்புறம் மூணு எலி செஞ்சோமே. அப்பவும் இதை மெத்தைக்கடியிலதான் வெச்சியா?"

"வெச்சேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான் அக்கா. பயமா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னே..."

"பயமா? யாரைப் பார்த்து, என்னைப் பார்த்தா?"

சலவைக்கூடத்தில் இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்தது.

"எலி தலையில ஜில்லுன்னு ஊத்த மனசு வராதவ, என் தலையில ஊத்தறதுக்கு டாக்டர் வர்ற நாளாப் பார்த்து வெச்சிருந்தியாடி?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. அடித்திருந்தால் இன்னும் நல்லது. மெதுவாகத்தான் கேட்டாள். சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று பெரியவள் காத்திருக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கூண்டுக்குள் எலியின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதாவது பொய்க்குச் சாக வேண்டாம்" என்றாள். "ரெண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வா. ஒழுங்கா ஒரு தடவை பார்த்துடலாம்."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, போய்த் தன் பழைய இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தாள். சின்னவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். மெத்தையின் கீழ் இரண்டுக்கும் இடம் போதாது. உப்புத் தண்ணீரை அங்கே செருகிவிட்டு, ஐஸிலிருந்து மருந்தை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். எலும்பு வரை ஜில்லிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் அவள் கைக்கு வந்து, கையின் சூடு அதற்குப் போனது.

"ஊத்தவா அக்கா?"

பெரியவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஊத்துங்க."

வெளியாட்களிடம் பேசுகிற மரியாதை. ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பெரியவள் அப்படித்தான் பேசுவாள். சின்னவள் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு மருந்தை ஊற்றினாள். கை நடுங்கவில்லை, அது எப்போதும் நடுங்காத கை. கூண்டின் வலை வழியாக, பெரியவளின் தோளுக்கு மேலே திரையின் ஒரு மூலை தெரிந்தது.

கோடு அசையவில்லை. பெரியவளும் திரும்பிப் பார்க்கவில்லை.